வாய்க்காலில் நின்ற தண்ணீர்

பொன்னழகு நர்சம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று திண்டுக்கல்லைச் சுற்றியிருக்கும் பட்டிகளில் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஐப்பசி மழையில் ஓடை கரைபுரண்டு ஓடும்போது மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பிரசவம் பார்க்கப் போனவள்தான். குடித்துவிட்டு அரிவாளோடு வாசலில் நின்ற ஒருத்தனை, "செத்த நேரம் தள்ளி நில்லுப்பா, பிள்ளை தலை தெரியுது" என்று விலக்கிவிட்டு உள்ளே போனவள்தான். ஆனால் நாலு ஆண்கள் சேர்ந்து எதிரே நின்று, பேச வேண்டியது புருஷன் பெண்டாட்டி சங்கதி என்றால், அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவள் பார்த்த உத்தியோகமோ முழுக்க முழுக்க அந்தச் சங்கதிதான்.

சேவுகம்பட்டியில் பிறந்தவள். தாய்க்கு மூத்த மகள். ஒன்பதாவது பிள்ளைப்பேற்றில் தாய் போய்ச் சேர்ந்தபோது பொன்னழகுக்குப் பதினைந்து வயது. விதி முடிந்துவிட்டது என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். பொன்னழகு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறாவதோடு நிறுத்தியிருந்தால் ஆத்தா இருந்திருப்பாள் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கை அவள் கடைசிவரை மாற்றவில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷனைக் காலரா கொண்டுபோனது. மறு கல்யாணப் பேச்சை எடுத்த சித்தப்பனிடம், மதுரைக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அங்கே மருத்துவச்சிப் படிப்பு முடித்து, ஐம்பத்தேழில் திண்டுக்கல் தாலுகாவில் வேலைக்கு வந்தாள்.

அப்போதுதான் சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. முதலில் நுரை மாத்திரை என்று ஒன்றை டப்பா டப்பாவாக அனுப்பினார்கள். உள்ளே வைக்க வேண்டிய மாத்திரையை ஒரு வீட்டில் மாமியார்க்காரி வயிற்றுப் பொருமலுக்கு விழுங்கிவிட்டு, நல்ல குணம் தெரிகிறது, இன்னும் நாலு கொடு என்று வந்து நின்றாள். பொன்னழகு சிரிக்கவில்லை. மறுநாளே போய், மருமகளைத் தனியே கூட்டி உட்காரவைத்து, எது எங்கே என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிக்கொடுத்தாள். பெண்களிடம் அவளுக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

அவளுக்கென்று ஒரு வேலை முறை இருந்தது. பூக்காட்டில் வேலை செய்கிற பெண்ணுக்கு நின்று பேச நேரம் ஏது? விடியுமுன் பறித்த பூ திண்டுக்கல் சந்தைக்குப் போயாக வேண்டும். அதனால் பொன்னழகும் மடியைக் கட்டிக்கொண்டு வரிசையில் இறங்கிவிடுவாள். ஒரு சால் கனகாம்பரம் பறித்து முடிப்பதற்குள் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று இரண்டு பேரிடம் எல்லாம் பேசிவிடுவாள். பறித்த பூவை அந்தந்தப் பெண்ணின் மடியிலேயே கொட்டிவிட்டு அடுத்த காட்டுக்கு நடப்பாள். டாக்டர்கள் ஒலிபெருக்கி வைத்துப் பேசியும் அசையாத ஊர்களில் பொன்னழகின் பேச்சு எடுபட்டது இப்படித்தான்.

சிறுமலை அடிவாரத்தில் கரட்டுப்பட்டி என்ற ஊரில் அங்கம்மாள் அவளுக்கு அப்படிக் கிடைத்தவள். ஐந்து பிள்ளைகள், நடுவில் இரண்டு கலைந்தது வேறு. உடம்பில் ரத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்னொன்று தாங்காது என்று பார்த்த மாத்திரத்தில் பொன்னழகுக்குத் தெரிந்துவிட்டது. அறுபத்து நாலில் ஆண்களுக்கு ஆபரேஷன் முகாம் என்று உத்தரவு வந்ததும் முதலில் அங்கம்மாளின் சாலில்தான் போய் நின்றாள். அங்கம்மாள் வீட்டில் சொன்னாள். அவள் புருஷன் சுருளிவேல் இரண்டு வாரம் பேசவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டால் மாடு கட்டிக் கிணற்றில் கமலை இறைக்க முடியாது, குரல் மாறிவிடும் என்று ஊரில் கதை கட்டியிருந்தார்கள். மூன்றாம் வாரம் ஒரு நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, வாரேன். அவ போயிட்டா நான் அஞ்சையும் வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்றான். ஊரில் பாட்டுக்காரன், கைராசிக்காரன் என்று பெயரெடுத்தவன் போகிறான் என்றதும் அவன் பின்னால் இன்னும் ஏழு பேர் கிளம்பிவிட்டார்கள்.

கார்த்திகை கடைசியில் முகாம் நடந்தது. டாக்டர் பவுல்ராஜ் எட்டுப் பேருக்கும் கத்தி வைத்து, தையல் போட்டு, கையைக் கழுவிக்கொண்டே பொன்னழகைக் கூப்பிட்டார். ஆண்களிடம் பேச இருந்த சுகாதார உதவியாளருக்கு அன்று காய்ச்சல்.

"நீயே சொல்லிடும்மா. மூணு மாசத்துக்கு இந்த உறையைப் போட்டுத்தான் ஆகணும். அதுவரைக்கும் ஆபரேஷன் பலிக்காது. தெளிவா சொல்லு."

பொன்னழகு சரி என்று தலையாட்டினாள். வேப்பமரத்தடியில் எட்டுப் பேரும் காலை அகட்டி நின்றார்கள். அதில் இரண்டு பேர் அவளுக்குத் தகப்பன் வயது. காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை ஆளுக்கொன்றாகக் கையில் திணித்தாள். உள்ளே என்ன என்று சொல்லவில்லை. உறை என்ற சொல்லே வாயில் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"மூணு மாசத்துக்குப் பழனிக்கு மாலை போட்ட மாதிரி இருந்துக்கங்க எல்லாரும்."

ஆண்களுக்கு இது சட்டென்று பிடித்துவிட்டது. மாலை போட்டவன் மனைவியிடம் போக மாட்டான். அது யாருக்கும் விளக்க வேண்டாதது. கூச்சமும் மிச்சம், விஷயமும் முடிந்தது என்று பொன்னழகுக்கும் ஒரு நிம்மதி. தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள். அந்தப் பெருமையை நினைத்து நினைத்துப் பின்னால் எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டாளோ.

சித்திரை பிறந்து நாலாம் நாள். மல்லிகைக் காட்டில் அங்கம்மாள் இல்லை. பொன்னழகு யாரைக் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பூப்பறித்தார்கள். வீட்டுக்கே போனாள். அங்கம்மாள் மாட்டுக் கொட்டத்தில் சாக்கு விரித்துப் படுத்திருந்தாள். வீட்டுக்குள் படுக்க மாமியார் விடவில்லை. பார்த்ததுமே பொன்னழகுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் மாதம் நடக்கிறது.

"நீங்கதானக்கா சொன்னீக, இனிமே பிள்ளை நிக்காதுன்னு" என்றாள் அங்கம்மாள். அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "சாமி சத்தியமா நான் யாரையும் ஏறெடுத்துப் பாக்கல. அப்ப உங்க டாக்குட்டரு பொய்யா, நான் பொய்யா? எதாச்சும் ஒண்ணைச் சொல்லிட்டுப் போங்க."

"உன் வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. அடிச்சாக்கூடத் தேவல. எந்திரிச்சு வெளிய போறாக, வாராக. வெள்ளிக்கிழமை மந்தையில கூட்டம். அத்துவிட்டு எங்க அப்பன் வீட்டுக்கு அனுப்பப் போறாகளாம். பிள்ளைகளைத் தர மாட்டாகளாம்."

அன்று புதன்கிழமை. பொன்னழகு சாக்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தாள். அப்போதுதான் கதை வெளியே வந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே சுருளிவேல் உண்மையாகவே பழனிக்கு மாலை போட்டுவிட்டான். நர்சம்மாவே சொல்லிவிட்டாளே, தைப்பூசமும் வருகிறதே, இருக்கிற விரதத்தை முருகன் பெயரில் இருந்துவிட்டால் புண்ணியமாவது மிஞ்சும் என்று நினைத்திருக்கிறான். மற்ற ஏழு பேரும் அதையே செய்தார்கள். பச்சைத் தண்ணீரில் குளித்து, கவிச்சி தொடாமல், கட்டாந்தரையில் படுத்து, நாற்பது நாள் அப்பழுக்கில்லாமல் இருந்தார்கள். பாத யாத்திரை போய் மலையேறி, சாமி பார்த்து, மாலையைக் கழற்றினார்கள். மாலையைக் கழற்றினால் விரதம் முடிந்தது. இது பழனிப் பக்கத்தில் பிறந்த எவனும் மாற்றிச் சொல்ல மாட்டான். ஊர் திரும்பிய அன்று வீட்டில் கோழி அடித்தார்கள்.

அந்தப் பொட்டலம்? புண் சீழ் வைத்தால் போடுகிற மருந்து என்று நினைத்துச் சுருளிவேல் அதைக் கூரை எரவாணத்தில் பத்திரமாகச் செருகி வைத்திருந்தான். பிரிக்கவே இல்லை.

பொன்னழகுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. மூன்று மாதம் என்று நாம் சொன்னோம், நாற்பது நாளில் முடித்துக்கொண்டது அவர்கள் தப்பு. இதைச் சொன்னால் அங்கம்மாள் பிழைப்பாள், நமக்கும் பழியில்லை. இந்த எண்ணத்தோடுதான் மறுநாள் காலையில் டாக்டர் முன்னால் போய் நின்றாள். பவுல்ராஜ் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"விரதமா? விரதம் இருன்னு நான் சொன்னேனா? ஏம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடி குழாயில வந்து தங்கினது உள்ளேயேதான் இருக்கும். அது வெளியே போய்த் தீரணும். அப்படிப் போகும்போது பொம்பளைக்குச் சேரக் கூடாதுன்னுதான் உறை. விரதம் இருந்தா அது எங்கே போகும்? அவங்க மூணு மாசம் முழுசா இருந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது."

அப்படியானால் தப்பு முழுக்கத் தன்னுடையது. பொன்னழகு உடனே வேறு வழி தேடினாள்.

"அந்தாளுக்கு ஒரு சோதனை பண்ணிக் காகிதம் தந்தா ஊர் நம்புமே டாக்டர்?"

"இப்ப மாசம் அஞ்சாகுது. இப்ப பார்த்தா அநேகமா ஒண்ணும் இருக்காது. இவனுக்குப் பிள்ளை பிறக்காதுன்னுதான் காகிதம் சொல்லும். அது அந்தப் பொண்ணுக்குக் குழி தோண்டுற காகிதம்." கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நாளைக்கு எனக்கு மதுரையில மீட்டிங். வைகாசி முகாமுக்கு முப்பது ஆளுங்க பேர் கொடுத்திருக்காங்க. மந்தையில போய் ஆபரேஷன் பண்ணியும் பிள்ளை நின்னுச்சுன்னு நீ சொன்னா ஒருத்தன் வர மாட்டான். மேலிடத்துக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கும். ரெண்டு நாள் பொறு, நான் வந்து பேசறேன்."

"நாளைக்கே அவளை அத்துவிட்டுருவாங்க டாக்டர்."

"நீ போய் என்ன சொல்வே? அத்தனை ஆம்பளைங்க நடுவுல?"

கொட்டத்தில் சாக்கின்மேல் கிடந்த உடம்பு கண்ணை விட்டுப் போகவில்லை. ஆத்தாவைச் சாகவிட்டது விதி இல்லை என்று அவ்வளவு நாள் சாதித்தவள், அங்கம்மாளுக்கு வந்ததை மட்டும் விதி என்று எப்படிச் சொல்வாள்? இது பொன்னழகின் வெட்கம் செய்த வேலை. அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரட்டுப்பட்டி மந்தையில் ஊரே கூடியிருந்தது. ஆண்கள் புங்க மரத்தடியில், பெண்கள் தள்ளிக் கோயில் சுவரோரத்தில். நாட்டாமை மொக்கைச்சாமி கல்லில் உட்கார்ந்திருந்தார். அங்கம்மாள் தலைகுனிந்து நின்றாள். ஐந்து பிள்ளைகளும் மாமியார் பக்கத்தில். பொன்னழகு பெண்கள் பக்கம் போகாமல் நேரே மரத்தடிக்கு நடந்தாள்.

"ஏத்தா, இது எங்க ஊர் வழக்கு. உனக்கென்ன இங்க சோலி?" என்றார் மொக்கைச்சாமி.

"இதுல குத்தவாளி நான்தானய்யா. என்னை விசாரிக்காம எப்படித் தீர்ப்புச் சொல்லுவீக?"

கையிலிருந்த குடையை ஊன்றி நின்றாள். எதிரே அறுபது எழுபது முகம், எல்லாம் மீசை. நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு நீ ஒட்டினால் உன்னை அறுத்துப் போடுவேன் என்று தன் நாக்குக்கே மனதுக்குள் சொன்னாள்.

"ஐயா, ஒண்ணு கேக்குறேன். கமலையில தண்ணி இறைக்கிறீக. கடைசிப் பாத்தி பாயிற வரைக்கும் இறைப்பீகளா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மொக்கைச்சாமி சிரிக்கவில்லை. "எவன் இறைப்பான்? ஒரு பாத்தி இருக்கும்போதே மாட்டை அவுத்துருவோம். வாய்க்கால்ல நிக்கிற தண்ணியே அதுக்குப் போதும்."

"அம்புட்டுத்தான்யா ஆபரேசனும். டாக்டர் கமலையை நிறுத்திட்டாரு. ஆனா வாய்க்கால்ல நின்ன தண்ணி அப்படியே நின்னுச்சு. அது வடியிற வரைக்கும் பிள்ளை உண்டாகும். விரதம் இருந்தா வடியாது. இந்த ஆபரேசன் பண்ணின எந்த ஆம்பளைக்கும் அப்படித்தான்."

"அப்ப அதுக்கு என்ன பண்ணணும்னு டாக்டர் சொல்லலியா?"

"சொன்னாரு. என்கிட்ட. நான் இவுககிட்டச் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"வெக்கம்."

அந்த ஒரு சொல்லைச் சொன்ன பிறகு அவளுக்குள் ஏதோ ஒரு கட்டு விட்டுப்போயிற்று. பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உறையை எடுத்துக் கையிலே தூக்கிக் காட்டினாள். இதற்குப் பெயர் என்ன, எப்போது போட வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்று குடைக் காம்பின் முனையில் மாட்டியே காட்டினாள். பெண்கள் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு இளவட்டம் விசிலடித்தான். அவன் பக்கம் திரும்பி, "உனக்கும் நாளைக்குத் தேவைப்படும், நல்லாப் பார்த்துக்க" என்றாள். அவன் கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டான்.

"இதைத்தான் அன்னிக்கு எட்டுப் பேர் கையிலயும் பொட்டலமாக் குடுத்தேன். என்னன்னு சொல்லாமக் குடுத்தேன். மாலை போட்ட மாதிரி இருங்கன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன். இவுக மாலை போட்டாக, மலையேறினாக, கழட்டினாக. அவுக மேல ஒரு தப்பும் இல்ல. அங்கம்மா மேலயும் இல்ல. அத்துவிடணும்னா என்னை இந்த ஊரை விட்டு அத்துவிடுங்க."

அப்போது பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். ஆபரேஷன் செய்துகொண்ட எட்டுப் பேரில் ஒருவன். முகம் வெளுத்திருந்தது. "நர்சம்மா, அப்ப நாங்க?" என்றான். அவனைப் பார்த்து இன்னொருவன் எழுந்தான். பிறகு ஒவ்வொருவராக ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். தைப்பூசத்திலிருந்து விரலை மடக்கிக் கணக்குப் பார்க்கிற ஏழு ஆண்களைப் பார்த்ததும் ஊருக்கு மீதி எல்லாம் விளங்கிவிட்டது. அதுவரை அங்கம்மாளை ஏசிக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் தங்கள் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மொக்கைச்சாமி சுருளிவேலைக் கூப்பிட்டார். "ஏலே, மாலையை எங்கடா கழட்டினே?"

"மலையிலதான்."

"வந்து?"

சுருளிவேல் தரையைப் பார்த்தான். அவனுக்கும் அதே நோய்தான், வெட்கம். பிறகு மெல்ல நடந்துபோய் அங்கம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டான்.

"உன் வாய்க்கால் தண்ணிடா அது. வேற எவன் தண்ணியும் இல்ல" என்று எழுந்தார் மொக்கைச்சாமி. "கூட்டத்தைக் கலைங்கப்பு. ஏத்தா, நீ இந்தக் குடையைக் கீழ எறக்கு முதல்ல."

வைகாசி முகாமுக்கு முப்பது பேர் வரவில்லை. நாலே பேர் வந்தார்கள். பவுல்ராஜ் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பொன்னழகு ஒளிக்காமல் நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினாள். அந்த நாலு பேருக்கும் குடைக் காம்போடு தானே பாடம் நடத்தினாள்.

ஐப்பசியில் அங்கம்மாளுக்கு வலி கண்டது. பொன்னழகு முதல்நாளே போய் அந்த வீட்டில் படுத்துக்கொண்டாள். ரத்தம் நிற்காமல் போய், ஒரு பகல் முழுக்க எமனோடு மல்லுக்கட்டி அங்கம்மாளை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள். ஆண் குழந்தை. கழுவித் துடைத்துத் தாய் பக்கத்தில் வைத்தபோது அங்கம்மாள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க அன்னிக்கே வாயைத் தொறந்து சொல்லியிருந்தா இவன் இல்லக்கா" என்றாள். "இதுக்கு உங்களை வையவா, கும்பிடவா? எனக்கே தெரியல."

பொன்னழகுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதாள். மன்னிப்புக் கேட்கத் தோன்றியது, கேட்டாள். அங்கம்மாள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறு வருஷம் சித்திரையில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் முகாம். முப்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரைக் கூட்டி வந்தது சுருளிவேலும் அந்த ஏழு பேரும். பொன்னழகு பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். வருஷம் ஒன்றாகியும் அந்தக் கூச்சம் முழுசாகப் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக விழுங்க வேண்டியிருந்தது. கமலை, வாய்க்கால், கடைசிப் பாத்தி என்று ஆரம்பித்து, பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி, செய்ய வேண்டியதைச் சொல்லிமுடித்தாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

கூட்டத்துக்கு வெளியே வேலியோரத்தில் அங்கம்மாள் நின்றிருந்தாள். இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை, அவள் தாலிக்கயிற்றை இழுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் எப்போது வந்தாள் என்று பொன்னழகு கவனிக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொண்டதில்லை. அங்கம்மாள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அத்தனை ஆண்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"இன்னொருக்கச் சொல்லுங்கக்கா. பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

பொன்னழகு தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள், இந்தத் தடவை சத்தமாக.